கீழ் ஊருக்குப் போகும் பெட்டி

"முதல் பெட்டியில ஏறுங்கோ. கதை பிறகு."

ஃப்ரீபூர் நகரத்தில் அந்த அக்காவின் வீட்டுக்குப் போன எல்லோரும் முதலில் கேட்ட வசனம் இதுதான். ரயில் நிலையம் மேல் நகரத்தில் இருக்கிறது. அவர் வீடு கீழே, சாரின் ஆற்றின் பக்கத்தில், ஒரு பழைய கற்கட்டடத்தின் இரண்டாம் மாடியில். இடையில் செங்குத்தான சரிவு. இறங்கப் படிக்கட்டு உண்டு. சுற்றிக்கொண்டு போகும் பேருந்தும் உண்டு. அக்கா இரண்டையும் அனுமதிப்பதில்லை. தானே மேலே வந்து நிற்பார். விருந்தாளியின் கையிலிருந்து பையைப் பறித்துக்கொள்வார். சரிவில் கம்பி வடத்தில் தொங்கியபடி ஏறி இறங்கும் பச்சை நிறப் பழைய பெட்டிக்குள் ஆளைத் தள்ளாத குறையாக ஏற்றுவார். அந்த ஊர்க்காரர் அதை 'ஃபுனி' என்பார்கள். அவரும் அப்படித்தான் சொல்வார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அது அவர் போட்ட நிபந்தனை. "பேரை எழுதினால் ஊர் எது எண்டு கேட்பினம். ஊரைச் சொன்னால் எந்தக் கோயிலடி எண்டு கேட்பினம். அதுக்குப் பிறகு நீர் எழுதின ஒண்டையும் வாசிக்கமாட்டினம்" என்றார்.

நான் பீல் நகரத்தில் இருக்கிறேன். கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. மிச்ச நேரத்தில் திகதிகளைச் சேர்ப்பவன். எந்த நகரத்தில் முதல் தமிழ்க் கடை எப்போது திறந்தது, எந்தக் கோயிலில் முதல் தேர் எப்போது ஓடியது, யார் வீட்டு வரவேற்பறையில் முதல் தமிழ் வகுப்பு நடந்தது என்று கேட்டுக்கொண்டே திரிவேன். இரண்டு பேர் இரண்டு திகதி சொன்னால் மூன்றாவது ஆளைத் தேடிப் போவேன். ஃப்ரீபூரின் கீழ் ஊருக்கு முதலில் வந்து குடியேறிய தமிழர் யார் என்று விசாரித்தபோது பலரும் அக்காவைக் கைகாட்டினார்கள். ஆனால் ஒருவரும் அவர் வீட்டு முகவரியைச் சரியாகச் சொல்லவில்லை. போன ஞாபகம் இருக்கிறது, உள்ளே போகவில்லை என்றார்கள். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை போனேன். பெட்டிக்குள் உட்காரும் மரவாங்குகள் படிப்படியாக இறங்கின. தடுப்புச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஓட்டுநர் அக்காவுக்குத் தலையசைத்தார். காலுக்கடியில் ஏதோ களகளவென்று நிறைந்துகொண்டிருந்தது. ஊறவைத்த துணி வாளியைத் திறந்தாற்போல ஒரு மணம்.

"இது 1899இல் ஓடத் தொடங்கினது" என்றேன். வரும்போது இரண்டு புத்தகங்களில் சரிபார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"வருஷம் ஆர் கேட்டது? என்னத்தில ஓடுது, சொல்லும் பாப்பம்."

"மின்சாரம்?"

"இல்லை."

"நீராவி?"

"பொறும்."

பெட்டி அசைந்து இறங்கத் தொடங்கியது. தேவாலயக் கோபுரமும் பாலங்களும் ஆறும் ஒரு பக்கமாகச் சரிந்து தெரிந்தன. பாதிவழியில் இன்னொரு பச்சைப் பெட்டி எங்களைக் கடந்து மேலே போனது. கீழே வந்து நின்றதும், காலுக்கடியிலிருந்து பெரும் இரைச்சலோடு தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"கேட்குதோ? அதுதான் உம்மை இறக்கினது."

"என்ன தண்ணி அக்கா?"

"மேல் ஊர்ச் சனம் குளிச்சது, கோப்பை கழுவினது, கக்கூசுக்கு ஊத்தினது. கட்டியை மட்டும் வடிச்சுப்போட்டு இதின்ர தொட்டிக்குள்ள விடுவினம். அந்தப் பாரத்தில இந்தப் பெட்டி கீழ இறங்க, கீழ நிண்ட பெட்டி மேல ஏறும். நீர் இவ்வளவு நேரமும் அதுக்கு மேலதான் இருந்தனீர்."

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன். அவர் பையை என்னிடம் திருப்பித் தந்தார்.

"சரி, வாரும். தேத்தண்ணி குடிப்பம்."

மூன்றாவது முறை போனபோதுதான் அந்தப் பார்வை எதைத் தேடியது என்று தெரிந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். அவரும் கணவரும் வந்த புதிதில் நம் ஊர்ச்சனம் வீடு தேடி வரும். எந்த அலுவலகத்தில் என்ன கேட்பார்கள், எந்த வைத்தியர் நல்லவர் என்று விசாரிக்க வரும். கதைக்கும், சிரிக்கும். தேநீர் வந்ததும் முகம் மாறும்.

"ஒருத்தர் இப்பதான் குடிச்சிட்டு வந்தன் எண்டார். பேர்னில இருந்து வந்த மனிசன், இப்ப எங்க குடிச்சது? இன்னொருத்தருக்கு வெள்ளிக்கிழமை விரதம். அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. ஒருத்திக்குப் பிரஷர். தேத்தண்ணி குடிச்சால் பிரஷர் ஏறுமாம். எங்கட ஆக்களுக்கு இந்த நாட்டில சுகர் வந்ததே என்ர வீட்டு வாசலிலதான் தம்பி."

அந்தப் பொய்களை அவர் நடித்தே காட்டுவார். வயிற்றைத் தடவுவார். மணிக்கூட்டைப் பார்த்துத் திடுக்கிடுவார். நான் சிரிப்பேன், பிறகு சிரித்ததற்கு ஒருமாதிரி இருக்கும். சாதி என்ற சொல்லை அவர் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. 'அது' என்பார். "அது கப்பலில வரேல்லை, பிளேனில வந்தது" என்பார்.

ஒரு திருவிழாவில் அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டப் போனவரை, "நீங்கள் இருங்கோ அக்கா, களைச்சுப் போவியள்" என்று கதிரை போட்டு உட்கார வைத்தார்களாம். அவ்வளவு மரியாதை. அவரைவிட வயது கூடிய பெண்கள் நின்று வெட்டினார்கள். மறுவருடமும் போனார். மறுபடியும் கதிரை. மூன்றாம் வருடம் வீட்டிலிருந்தே கத்தியும் பலகையும் கொண்டுபோய், கதிரையை எடுத்துக்கொண்டு கத்தரிக்காய் மூட்டைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து வெட்டினார். வெட்டிய கத்தரிக்காய் அந்த மத்தியானம் கறியில் இல்லை.

"எங்க போட்டதெண்டு கேட்டனான். பழுதாப் போச்சாம். காலமை வெட்டினது மத்தியானம் பழுதாப் போச்சாம்."

அவருக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்தில். காலையில் கிழவர்களையும் கிழவிகளையும் குளிப்பாட்டித் துடைத்து உடுப்புப் போட்டுவிடுவார். அங்கே யார் வங்கி முதலாளி, யார் மாடு மேய்த்தவர் என்று எப்படித் தெரியும் என ஒருமுறை கேட்டேன். "உடுப்பைக் கழட்டினால் எனக்கு ஆரெண்டே தெரியாது. துவாயில பேர் எழுதியிருக்கும், அதைப் பார்த்துத்தான் கூப்பிடுறது" என்றார்.

ஃபுனியைக் கண்டுபிடித்தது வந்த சில வருடங்களுக்குப் பிறகாம். அதுவரை படிக்கட்டால்தான் போய்வந்தார். ஒருநாள் கூட வேலை செய்த பிரெஞ்சுக்காரி அது எப்படி ஓடுகிறது என்று சொன்னாள். "அண்டைக்கு நான் மூண்டுதரம் ஏறி இறங்கினனான் தம்பி. சும்மா. டிரைவர் என்னை விசர் எண்டு நினைச்சிருப்பான்" என்றார். அன்று முதல் விருந்தாளிகளுக்கு வேறு பாதை இல்லை.

அவரோடு பழகுவது எப்போதும் சுகமாக இருந்தது என்று எழுத மாட்டேன். நான் மன்னார்க் கத்தோலிக்கன். ஈஸ்டருக்கு முந்திய தபசு கால வெள்ளிக்கிழமை ஒன்றில் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஃபுனியில் இறங்கி, தண்ணீர்க் கதையைக் கேட்டு, மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் தேநீர் வந்தது.

"எனக்கு வேண்டாம் அக்கா. இண்டைக்கு ஒருசந்தி விரதம். பின்னேரம் சிலுவைப்பாதை முடியுமட்டும் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டன், நேர்த்தி" என்றாள்.

அக்கா கோப்பையைப் பார்த்தார். "ஒருசந்தி. இது புதுசு" என்றார். கோப்பையை எடுத்துப்போய்க் கழுவுதொட்டியில் ஊற்றினார். நான் விளக்கினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. மேலே வழியனுப்பவும் வரவில்லை. மனைவி ரயிலில் அழுதாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது எங்கள் கட்டட வாசலில் அக்கா நின்றார். உள்ளே வந்தார். குசினி மேசையில் நேரே போய் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, தேத்தண்ணி போடும்."

இரண்டு கோப்பை குடித்தார். மூன்றாவதை மனைவி ஊற்றப் போக, கையால் மறித்தார்.

"பொய் சொன்ன சனம், மெய் சொன்ன ஆளையும் எனக்குப் பொய்யாக்கிப் போட்டுது" என்றார்.

அவருக்கு ஒரே மகள். கணவர் நான் அறிமுகமாவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மகள் பாசலில் மருந்து நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தாள். அங்கேயே ஒரு பையனை விரும்பினாள். பையனின் தாய்தகப்பன் பெண்வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். வரவிருந்த வாரம் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"நீரும் வாரும். திகதியோட எழுதுற ஆள் ஒருத்தர் இருக்க வேணும்."

நான் போனபோது மேலே பெட்டி நிலையத்தில் தாயும் மகளும் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் டாக்சிக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

"இண்டைக்கு மட்டும் அம்மா. கெஞ்சிக் கேட்கிறன். பஸ்ஸிலயாவது கூட்டிக்கொண்டு போவம்."

"என்ர வீட்டுக்கு வாற வழி எனக்குத் தெரியும். டாக்சியைப் போகச் சொல்லு."

அவர்கள் வந்தார்கள். பையனின் தகப்பன் மெலிந்த, அமைதியான மனிதர். தாயார் மயில் நீலப் பட்டுடுத்து, கனமான சங்கிலி போட்டிருந்தார். பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அக்காவின் கையைப் பிடித்து, "என்ன வடிவான ஊர் தங்கச்சி" என்றார். பெட்டி இறங்கும்போது மட்டும் சேலைத் தலைப்பால் மூக்கை மூடி, "என்ன மணம் இது?" என்று கேட்டார். பையன் பெட்டியின் ஓரத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். மகள் அவனுக்கு முன்பே சொல்லியிருந்தாள் போலும்.

கீழே தண்ணீர் கொட்டியது. அக்கா வழக்கம்போல விளக்கினார். ஒரு சொல்லும் குறைக்கவில்லை. தாயார் சேலையின் கரையைத் தூக்கிப் பார்த்தார்.

வீட்டில் வடையும் தேநீரும் வந்தன. பூப்போட்ட கோப்பைகள், மேசையில் புது விரிப்பு. கொஞ்சநேரம் ஒருவரும் கையை நீட்டவில்லை.

"நாங்கள் ரயிலில குடிச்சிட்டம் தங்கச்சி" என்றார் தாயார்.

"எனக்குச் சுகர்" என்றார் தகப்பன், தரையைப் பார்த்தபடி.

"உங்களுக்கு நீலக் கோப்பை. அதில சீனி போடேல்லை" என்றார் அக்கா.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். பையன் தன் கோப்பையை எடுத்து மளமளவென்று குடித்துவிட்டு, தாயைப் பார்த்தான். தாயார் அசையவில்லை.

அக்கா எழும்பவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. "மேல் ஊரின்ர கக்கூஸ் தண்ணிக்கு மேல இருந்து வந்தனீங்கள். ஒண்டும் ஆகேல்லை. என்ர கேத்தில் தண்ணியில என்ன வந்திடும்?"

"சீச்சீ, நாங்கள் அப்பிடிப் பார்க்கிற ஆக்கள் இல்லை. அது வேற, இது வேற."

"என்ன வேற எண்டு சொல்லுங்கோ. நானும் வந்த நாளில இருந்து கேட்கிறன். ஒருத்தரும் சொல்லேல்லை."

தாயார் மணிக்கூட்டைப் பார்த்தார். அக்கா நடித்துக் காட்டுகிற அதே திடுக்கிடல். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் போக அவர்கள் ஃபுனியில் ஏறவில்லை. படிக்கட்டால் போனார்கள். பட்டுச் சேலையோடு ஒரு கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து அந்தத் தாயார் ஏறுவதை யன்னலால் பார்த்தேன். பையன் மட்டும் கொஞ்சநேரம் நின்று இன்னொரு வடை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

அவர்கள் போனதும் மகள் வெடித்தாள். "உங்களுக்கு நான் முக்கியமோ, தேத்தண்ணி முக்கியமோ?"

அக்கா குடிக்காத கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறக்கும். அம்மம்மா வீட்டில தண்ணி குடிச்சனியோ எண்டு அந்தப் பிள்ளையிட்ட ஆரும் கேட்கக்கூடாது. கேட்டால், அப்பம்மாவும் அப்பப்பாவும் குடிச்சவைதானே எண்டு பிள்ளை சொல்ல வேணும். இப்ப விட்டால் அது உன்ர வீட்டுக்குள்ள வந்து இருக்கும். பிறகு நீ எந்தத் தண்ணியை ஊத்திக் கழுவுவாய்?"

மகள் துவாயை எடுத்துக் கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினாள்.

பையன் பிடித்த பிடியில் நின்றதால் அவன் தாய்தகப்பன் சம்மதித்தார்கள். ஆனால் கலியாணத்தைப் பாசலில் ஒரு பெரிய மண்டபத்தில் தாங்களே வைப்பதாகச் சொன்னார்கள். அங்கே சமையல்காரர் சமைப்பார், பெண்வீட்டுக் குசினிக்கு வேலை இல்லை. அதை அக்கா உடனே பிடித்துக்கொண்டார். தொலைபேசியில் அவர் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"நீங்கள் வழக்கம் பார்க்கிற ஆக்கள் எண்டுதானே சொன்னியள்? எங்கட வழக்கத்தில கலியாணம் பொம்பிளை வீட்டிலதான். இஞ்ச கீழ் ஊரில ஆத்தங்கரையில ஒரு மண்டபம் இருக்கு. ஐயருக்கும் சொல்லியாச்சு."

வழக்கத்தை வைத்தே அடித்ததால் மறுமுனையில் மண்டபத்தின் முகவரியைக் கேட்டார்கள்.

ஆவணி மாதம், நல்ல வெயில். காரில் வந்தவர்கள் நேரே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் மாப்பிள்ளை ஊர்வலம் மாப்பிள்ளை போகும் வழியில்தானே போக வேண்டும்? அவன் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மேல் நிலையத்தில் வந்து நின்று, "நான் ஃபுனியிலதான் வருவன்" என்றான். தலைப்பாகை கதவு நிலையில் முட்ட, குனிந்து ஏறினான். பின்னால் பெரியப்பா, சித்தி, மாமிமார், தட்டங்கள், பழக்கூடை. ஓட்டுநர் எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னார். பெட்டி நிறைந்து, மூன்று தடவையாக இறங்கினார்கள். பட்டுச் சரசரப்புக்குக் கீழே தண்ணீரின் களகளப்பு கேட்டது. மாப்பிள்ளையின் தாயார் கடைசிப் பெட்டியில் வந்தார்.

கீழ் நிலையத்து வாசலில், மண்டபத்துக்கு எதிரே, அக்கா நின்றார். கணவரை இழந்தவர் வரவேற்பில் முன்னுக்கு நிற்பதில்லையே என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். அக்கா இன்னும் ஓரடி முன்னே வந்து நின்றார். பன்னீர், சந்தனம், கற்கண்டு எல்லாம் மகளின் சிநேகிதிகளின் கையில் இருந்தன. அக்காவின் கையில் தேநீர்த் தட்டம். பக்கத்தில் சின்ன மேசையில் பெரிய சுடுதண்ணீர்ப் போத்தல்கள். கலியாணத்தில் தட்டை மறுப்பது அபசகுனம் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் பெட்டியில் வந்த சிலர் குடித்தார்கள். சிலர் கோப்பையை வாங்கிக் கொஞ்சத் தூரம் போய்ப் பூஞ்சாடிக்குள் ஊற்றினார்கள். அக்கா கண்டார், அடுத்த கோப்பையை ஊற்றினார்.

மாப்பிள்ளையின் தாயார் இறங்கினார். கோப்பையை வாங்கினார். குடிக்கவில்லை. ஒருவர் கூப்பிட்டால் அவரோடு கதைத்தார், இன்னொருவரின் சேலையைப் புகழ்ந்தார். கோப்பை கையிலேயே இருந்தது. தேநீரில் ஆடை படர்ந்தது. எல்லோரும் வேறு எங்கோ பார்ப்பதுபோல அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா தட்டத்தை வைத்துவிட்டு நடந்து போனார். சம்பந்தியின் கையிலிருந்து கோப்பையை மெதுவாக எடுத்தார்.

"ஆறிப் போச்சு" என்றார். அந்த ஆறிய தேநீரைத் தானே ஒரே மூச்சில் குடித்தார். போத்தலில் இருந்து புதுக் கோப்பை ஒன்றில் ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். "இந்தாங்கோ, சூடாய்."

அதையும் அவர் ஆறவிட்டார். அக்கா அதையும் குடித்தார். மூன்றாவது கோப்பை வந்தது. மண்டபத்துக்குள்ளே நாதஸ்வர ஒலித்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஐயர் ஆளனுப்பிவிட்டார். மாப்பிள்ளை மண்டப வாசலில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், உள்ளே கால் வைக்கவில்லை.

"எனக்கு அவசரமில்லை" என்றார் அக்கா. "போத்தலில இன்னும் கிடக்கு."

மாப்பிள்ளையின் தாயார் சுற்றிப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்க்க அன்று அவர் கையில் மணிக்கூடு இல்லை, தங்க வளையல்கள்தான் இருந்தன. கோப்பையை உயர்த்தினார். ஒரு வாய் குடித்தார். விழுங்கியது கழுத்துச் சங்கிலிக்கு மேலே தெரிந்தது.

அக்காவின் முகத்தில் வெற்றி ஏதும் இருந்ததா என்று நான் கவனமாகப் பார்த்தேன். இல்லை. விருந்தாளியிடம் யாரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"சீனி காணுமோ?"

"கூடிப்போச்சு" என்றார் மற்றவர் வெடுக்கென்று.

"ஓம், அப்ப அடுத்தமுறை குறைச்சுப் போடுறன்" என்றார் அக்கா, தட்டத்தைத் தூக்கிக்கொண்டு.